இறுகுதலும் இறுக்குதலும்: ஒரு மர விமானத்தின் பசை வரலாறு



மொழிக்கென அமைந்த மேடையில் விமானத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் பொறியாளன் அல்லேன். வினைச்சொற்களோடு காலம் கழித்தவன். இந்தப் பொருளுக்கு என்னை இழுத்து வந்தவையும் இரண்டு வினைகளே. ஒன்று ‘இறுகு’, மற்றொன்று ‘இறுக்கு’. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தவர்களுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. உருகு – உருக்கு, விலகு – விலக்கு, இறங்கு – இறக்கு என்னும் வரிசையில் இதுவும் ஒன்று. பசை தானே இறுகும். பலகையைத் தச்சர் இறுக்குவார். முன்னதில் செய்பவர் என்று எவரும் இல்லை. பின்னதில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும்.

மரத்தால் விமானம் கட்டும் கலை முழுவதும் இந்த இரண்டு வினைகளுக்கு இடைப்பட்ட சில மணி நேரத்தில் அடங்கியிருக்கிறது. பசை இறுகி முடியும்வரை பலகைகளை இறுக்கிப் பிடித்திருக்க ஏதேனும் ஒன்று வேண்டும். ஆணி, ஆப்பு, கிளாம்பு, எஃகுப் பட்டை, மணல் மூட்டை என எதுவாயினும் சரி. பசை இறுகியபின் அதற்கு வேலை இல்லை, கழற்றி எறிந்துவிடலாம். விமானம் பறக்கும்போது அது அங்கே இருப்பதில்லை. ஆயினும் அது தன் வேலையைச் சரிவரச் செய்ததா என்பதைப் பொறுத்தே இறக்கை இறக்கையாக நிற்கும். இப்படிப்பட்ட தற்காலிகப் பிடிப்பு தவறியபோது என்ன நேர்ந்தது, அதற்கு யார்மேல், எதன்மேல் பழி விழுந்தது என்பதே இவ்வுரையின் பொருள். பழி விழுந்தது நம் பருவமழையின்மேல். ஆதலால் இது நமக்கும் உரிய வரலாறுதான்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கொட்டகையில் தம் கையாலேயே சிறு விமானம் கட்டுகிறவர்கள் உலகெங்கும் உள்ளனர். 1930களில் ஆன்றி மின்யே என்னும் பிரெஞ்சுக்காரர், தாம் வடிவமைத்த சிறு விமானத்தை எவரும் கட்டலாம் என்று 1934இல் நூலொன்று எழுதி வெளியிட்டார். பலகை, பசை, ஆணி, துணி, ஒரு சிறு இயந்திரம் ஆகியவை போதும் என்றார். பிரான்சிலும் பிரிட்டனிலும் ஆயிரக்கணக்கானோர் அதில் மயங்கினர். 1936 அளவில் உயிரிழப்புகளால் அவ்விமானத்துக்குத் தடை வந்தது. அங்கே குற்றம் பசையில் இல்லை. முன்னிறக்கையும் பின்னிறக்கையும் அமைந்த முறையில் இருந்தது. ஆனாலும் சமையலறை மேசையில் இறக்கை விலா ஒட்டும் பழக்கத்தைப் பரப்பியதில் மின்யேக்குப் பெரும் பங்கு உண்டு.

இறக்கை விலா என்பது சுண்டுவிரல் பருமனுள்ள மென்மரக் குச்சிகளால் ஆன சட்டம். ஒரு பலகையின்மேல் விலாவின் வடிவத்தை வரைந்து, கோட்டின் இருபுறமும் சிறு கட்டைகளை அறைந்து, குச்சிகளை அவற்றின் நடுவே பொருத்துவார்கள். குச்சிகள் சந்திக்கும் ஒவ்வொரு மூலையிலும் மெல்லிய ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றைப் பசை தடவி வைப்பார்கள். அதன்மேல் குண்டூசியைவிடச் சற்றே தடித்த பித்தளை ஆணிகள், சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 4 வீதம் இறங்கும். அந்த ஆணிகள் சுமை தாங்குவதற்காக அல்ல. பசை காயும்வரை துண்டை அழுத்திப் பிடிப்பதே அவற்றின் வேலை. பிடுங்கினால் மெல்லிய மரம் சிதையும் என்பதற்காகவே அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

இறக்கையின்மேல் அகன்ற ஒட்டுப்பலகையைப் போர்த்தும்போது முறை வேறு. அங்கே ஆணிகளை நிலையாக விட முடியாது; எடை கூடும், ஈரம் தங்கும். எனவே விரல் அகல மரப்பட்டை ஒன்றில் வரிசையாக ஆணிகளைக் கோத்து, பட்டையோடு சேர்த்து அறைவார்கள். பட்டையின் கீழே மெழுகுத் தாளோ நெகிழித் தாளோ இருக்கும். இல்லையேல் பிதுங்கி வரும் பசையில் பட்டையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். மறுநாள் பட்டையின் ஒரு முனையை நெம்பினால் ஆணிகள் அனைத்தும் அதனோடு எழுந்து வந்துவிடும். மிஞ்சுவது ஊசித்துளை வரிசை மட்டுமே. இக்காலத்தில் ஆணிக்கு மாற்றாகக் கம்பித் தையல் போடும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். தையலின் கீழே உறுதியான நாடா ஒன்றை ஓடவிட்டு, பின்பு அதை இழுத்துத் தையல்களைக் கழற்றுவது அவர்களின் உத்தி.

அழுத்தம் எவ்வளவு வேண்டும்? பழைய வகைப் பசைகளுக்கு மென்மரத்தில் சதுர அங்குலத்துக்கு 125 முதல் 150 பவுண்டு என்பது விமானப் பழுதுபார்ப்புக் கையேடுகள் தரும் கணக்கு. வன்மரத்துக்கு 150 முதல் 200. ஓர் அடிக்கு ஓர் அடி பரப்பை எடுத்துக்கொண்டால், குறைந்த அளவே 18,000 பவுண்டு, அதாவது எட்டு டன்னுக்கு மேல். மணல் மூட்டைகளை அடுக்கி இந்த அழுத்தத்தைப் பெற இயலாது என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். அழுத்தம் ஏன் இத்தனை வேண்டும் என்றால், அப்பசைகள் இடைவெளியை நிரப்பும் ஆற்றல் இல்லாதவை. இரு மரப்பரப்புகளும் மயிரிழையும் விலகாமல் படிந்திருந்தால்தான் அவற்றுக்கு வலிமை உண்டு. தடித்த பசைப் படலம் காயும்போது சுருங்கி, தனக்குள்ளேயே வெடிக்கும். மேலே பார்த்தால் பசை ஒழுகிக் காய்ந்து ஒழுங்காகத் தெரியும். உள்ளே பிடிப்பே இராது. எப்பாக்சி போன்ற இன்றைய பசைகள் இதற்கு மாறானவை. அவற்றுக்கு மெல்லிய அழுத்தமே போதும். மிகுதியாக இறுக்கினால் பசை முழுதும் பிதுங்கி வெளியேறி இணைப்பு வறண்டுபோகும்.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தச்சர்கள் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சிய பசையை ‘வச்சிரம்’ என்றே வழங்கினர். இந்திரன் படைக்கும் வைரத்துக்கும் உரிய பெயர் பசைக்கு ஏறியது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. கிளாம்பு என்பதற்கு மலாய்மொழியில் ‘பெங்ஙாப்பிட்’ என்பர். இருபுறமும் நின்று நெருக்குதல் என்னும் பொருளுடைய ‘ஆப்பிட்’ என்ற வினையிலிருந்து பிறந்தது. தமிழில் கவ்வி, இடுக்கி, பிடிப்பான் என்று பலவும் புனைந்திருக்கிறோம். பட்டறையில் நிற்பதோ கிளாம்பு. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதன் வேலையைச் சொல்லும்போது ‘பலகை இறுகிற்று’ என்று மாணவன் எழுதினால் திருத்துங்கள். இறுகியது பசை.

இனி வரலாற்றுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் மாஸ்கிட்டோ என்னும் இரட்டை இயந்திர விமானத்தை மரத்தால் கட்டியது. 1940 நவம்பர் 25ஆம் நாள் முதன்முதலாகப் பறந்த அவ்வகையில் மொத்தம் 7,781 விமானங்கள் உருவாயின. அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது; மரவேலைக்காரர்களோ மிகுதியாக இருந்தனர். நாற்காலியும் அலமாரியும் செய்துவந்த ஹை விக்கம் நகரப் பட்டறைகள் விமான உறுப்புகளைச் செய்யத் தொடங்கின.

அதன் உடல் அவரை நெற்றைப் பிளந்ததுபோல இரு பாதிகளாகச் செய்யப்பட்டது. மரத்தாலோ சிமெண்டுக் கலவையாலோ ஆன அச்சின்மேல் பிர்ச் ஒட்டுப்பலகை ஒரு படலம், அதன்மேல் இலேசான பால்சா மரம், மீண்டும் பிர்ச் ஒட்டுப்பலகை என்று பசையிட்டு அடுக்கினர். அடுக்கியதைச் சுற்றி எஃகுப் பட்டைகளை இட்டுத் திருகி முறுக்கினர். பசை இறுகியபின் பட்டைகளைக் கழற்றி, பாதி உடலை அச்சிலிருந்து தூக்கினர். நான் மேலே சொன்ன தற்காலிகப் பிடிப்பின் பெரிய வடிவம் இதுதான். இறக்கை 54 அடி நீளம். முனைக்கு முனை ஒரே துண்டு. அதில் ஒட்டுப்பலகைத் தோலை விட்டத்தின்மேல் அழுத்திப் பிடிக்கப் பித்தளைத் திருகாணிகள் பயன்பட்டன. அவை இறக்கையிலேயே தங்கிவிட்டன எனினும் முதல் வேலை அழுத்தம் தருவதே.

பசை முதலில் பாலிலிருந்து எடுக்கும் கேசீன். ஈரமும் பூஞ்சையும் கேசீனுக்குப் பகை. பின்னர் யூரியா–பார்மால்டிஹைட் பசைக்கு மாறினர். இவ்வகைப் பசையை ஏரோலைட் என்ற பெயரில் உருவாக்கியவர் கேம்பிரிட்ஜ் அருகே டக்ஸ்ஃபர்டில் ஆய்வகம் நடத்திய நார்மன் டி புரூயின். பசை ஒரு பரப்பிலும், அதை இறுகச் செய்யும் அமிலம் எதிர்ப்பரப்பிலும் தடவப்படும். இரண்டும் சந்தித்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். இறுக்குகிறவர் அதற்குள் இறுக்கி முடித்தாக வேண்டும்.

1944 நவம்பரில் இந்தியாவில் இருந்த மாஸ்கிட்டோ விமானங்களுக்கு இடர் வந்தது. அடுத்தடுத்துச் சில விமானங்கள் வானிலேயே உடைந்து வீழ்ந்தன. இறக்கையின் மேற்றோல் முதன்மை விட்டத்திலிருந்து எழும்பிப் பிரிந்திருப்பது தெரியவந்தது. ஒவ்வொரு விமானத்திலும் இருவர் இருப்பர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பறத்தல் நிறுத்தப்பட்டது, ஆய்வுக் குழு ஒன்று இந்தியாவுக்கு வந்தது. அதன் தலைவர் மேஜர் ஹெர்வர்ட் டி ஹாவிலண்ட். பெயரைக் கேட்டவுடன் நீங்கள் ஊகித்தது சரியே. நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப்ரி டி ஹாவிலண்டின் உடன்பிறந்தவர் அவர். டிசம்பர் தொடக்கத்தில் குழு அறிக்கை தந்தது. பசை கெட்டுப்போகவில்லை, பருவமழைக் காலத்தில் விமானத்தின் மரம் சுருங்கியதே விபத்துகளுக்குக் காரணம் என்றது அறிக்கை.

மழைக்காலத்தில் மரம் உப்பும், கோடையில் சுருங்கும் என்பது கதவு தைத்த எந்தத் தச்சருக்கும் தெரியும். மழைக்காலத்தில் சுருங்கியதென்ற தொடரை அவர்முன் வைத்தால் என்ன சொல்வார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. அது நிற்க. இத்தொடரில் என் கண்ணில் படுவது வினையின் வகை. மரம் சுருங்கியது, தோல் எழும்பியது, இறக்கை பிரிந்தது. அனைத்தும் தன்வினை. ஒட்டியவர் யார், இறுக்கியவர் யார், சரிபார்த்தவர் யார் என்ற கேள்விக்கு இவ்வினைகளில் இடமே இல்லை. எழுவாயாக வானிலை வந்து அமர்ந்துவிட்டது.

கதை அத்துடன் முடியவில்லை. பின்னர் நடந்த மற்றோர் ஆய்வு, குறை உற்பத்தியில்தான் என்று உறுதியாகச் சொன்னது. பிரிட்டனின் விமான உற்பத்தி அமைச்சகமும் டெஃபர்டில் தனியே ஆராய்ந்தது. ஆறு வகை மாஸ்கிட்டோக்களில் ஒத்த குறைகள் தென்பட்டன. அவை ஹாட்ஃபீல்டு, லீவ்ஸ்டன் ஆகிய இரண்டு ஆலைகளில் கட்டப்பட்டவை. அவற்றுள் ஒன்றுகூடப் பருவமழையைக் கண்டதில்லை. கறையான் வாய்ப்பட்டதும் இல்லை. ஒட்டுவேலையின் தரம் போதவில்லை என்பதே முடிவு. ஆயினும் விமானத்தின்மேல் வீரர்களுக்கு இருந்த நம்பிக்கை குலைந்துவிடக் கூடாதென்று, காரணம் பெரும்பாலும் வானிலையே என்ற முதல் அறிக்கையின் கூற்றையே விமானத்துறை அமைச்சகம் பற்றி நின்றது. போர்க்காலத்தில் அதற்கும் ஒரு நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் போர் முடிந்தபின்னும் அக்கூற்று நூலுக்கு நூல் தொற்றிக்கொண்டு வந்தது. கீழை நாட்டு வெப்பத்தில் பசை உருகிற்று என்று இன்றும் எழுதுகிறவர்கள் உண்டு.

நம் வானிலைக்கு வழக்கறிஞனாக நான் நிற்கவில்லை. ஈரம் மரத்துக்குக் கேடு செய்யும், அதில் ஐயமில்லை. 8 முதல் 12 விழுக்காடு ஈரத்தில் ஒட்டப்பட வேண்டிய மரம், நம்மூர்க் காற்றில் மேலும் ஈரம் குடித்து உப்பும், காயும்போது சுருங்கும். ஒவ்வொரு முறையும் இணைப்பு இழுபடும். நல்ல இணைப்பு அதைத் தாங்கும். உள்ளே பிடிப்பில்லாத இணைப்பு எங்கே இருந்தாலும் ஒருநாள் விடும். இங்கே சற்று முன்னதாக விடும். இறக்கைத் தோலின் இணைப்பு வழியே நீர் கசியாதிருக்க, இறக்கையின் நீளம் முழுவதும் ஒட்டுப்பலகைப் பட்டை ஒன்றைப் பின்னர்ப் பதித்தனர். தேவையான திருத்தம்தான். நம் வானிலைக்குச் சார்பாகவும் ஒன்று சொல்லலாம். இப்பசைகள் நன்றாக இறுக ஏறத்தாழ 21 பாகை வெப்பம் வேண்டும். அது நமக்கு ஆண்டு முழுவதும் இலவசம். இங்கிலாந்தின் குளிர்காலப் பட்டறையில் அதற்கு அடுப்பு மூட்ட வேண்டும்.

திருத்தம் பெற்ற மாஸ்கிட்டோக்கள் நம் மக்கள் வாழும் இடங்களிலேயே பின்னர் நின்றன. 1945இல் சென்னைக்கு அருகே சோழவரத்திலும் பரங்கிமலையிலும் அவ்விமானப் படையணிகள் தங்கின. 1946 செப்டம்பரில் செலேத்தாரில் மீண்டும் அமைக்கப்பட்ட 81ஆம் படையணிக்கு ஒளிப்படம் எடுக்கும் மாஸ்கிட்டோ வகை தரப்பட்டது. செலேத்தார் சிங்கப்பூரில் உள்ளது என்றாலும் ஜொகூர் நீரிணையின் கரையில் நிற்கிறது. இக்கரையிலிருந்து பாசிர் கூடாங் பார்த்துக்கொண்டிருக்கும் இடம். 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் அப்படையணி தீபகற்பத்தின் காடுகளையும் தோட்டங்களையும் வானிலிருந்து படமெடுத்தது. நம் பெற்றோரும் பாட்டன்மாரும் பால்மரம் வெட்டிய தோட்டங்கள் அந்தப் படங்களில் சிறுசிறு கோடுகளாகப் பதிந்திருக்கும். அரச விமானப்படை மாஸ்கிட்டோவின் கடைசிப் போர்ப்பணிப் பறப்பு 1955 டிசம்பர் 15ஆம் நாள் செலேத்தாரிலிருந்து கிளம்பியதே. மலாயாக் காட்டில் கம்யூனிஸ்டு முகாம்கள் இருக்கலாம் என்று ஐயுற்ற இடங்களைப் படமெடுக்கச் சென்றது அது. டிசம்பர் நமக்கு வடகிழக்குப் பருவமழை மாதம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எந்த மழையின்மேல் பழி போடப்பட்டதோ, அந்த மழைநாட்டில்தான் அவ்விமானத்தின் இறுதிப் பணி நடந்தது.

ஈரத்தில் மரத்தை இணைப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று என்பதையும் சொல்லவேண்டும். 1926இல் ஐவர் எவன்ஸ் ஆராய்ந்த பொந்தியான் படகு ஏறத்தாழக் கி.பி. மூன்றாம் நூற்றாண்டு முதல் ஐந்தாம் நூற்றாண்டு வரையிலான காலத்தது என்று கருதப்படுகிறது. மாணவர்கள் மயங்க வேண்டாம். அது நம் ஜொகூரின் பொந்தியான் அன்று, பகாங்கின் கோலா பொந்தியான். அப்படகின் பலகைகளை விளிம்போடு விளிம்பு மரமுளைகள் இணைத்தன. நார்க்கயிறு தைத்து இறுக்கியது. இரும்பாணி இல்லை. சோழமண்டலக் கரையில் அலை மோதும் இடங்களில் ஓடிய மசூலாப் படகுகளும் கயிற்றால் தைத்தவையே. கட்டுமரமோ இதில் ஒரு படி மேலே நிற்கிறது. கட்டு என்னும் வினை பெயரிலேயே இருக்கிறது. ஆங்கிலம் அச்சொல்லைக் கடன் வாங்கி, இரட்டை உடல் கொண்ட வேறொரு படகுக்குச் சூட்டிவிட்டது வேறு கதை. கரை சேர்ந்தவுடன் மீனவர் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயப் போடுவர். மறுநாள் மீண்டும் கட்டுவர். மரம் நீர் குடிக்கும், பின்பு காய வேண்டும் என்பதை அறிந்து, பிணைப்பையே தற்காலிகமாக வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். விமானத்தில் பிடிப்பு தற்காலிகம், ஒட்டு நிலையானது. கட்டுமரத்தில் எல்லாமே தற்காலிகம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வினை வகைகளைக் கற்பிக்கும்போது ‘பந்து உருண்டது – பந்தை உருட்டினான்’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நாளிதழில் வரும் ஒரு விபத்துச் செய்தியை எடுத்து, அதிலுள்ள தன்வினைகளை மாணவர்களைக் கொண்டு பிறவினைகளாக மாற்றச் சொல்லுங்கள். பாலம் இடிந்தது என்பதை மாற்ற முயன்றவுடன், யார் என்று மாணவன் கேட்பான். எல்லா நேரமும் விடை கிடைக்காது. சில வேளை காற்றும் மழையும்தான் உண்மையான எழுவாய்களாக இருக்கும். ‘ஒட்டு’ போன்ற வினைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பலகை ஒட்டியது, தச்சர் ஒட்டினார் என்று இரண்டுக்கும் ஒரே வடிவம். அங்கே எழுவாயையும் வேற்றுமையையும் பார்த்தே பொருளை உணர வேண்டும்.

மாஸ்கிட்டோ முழுவதுமாக மறைந்துவிடவில்லை. நியூசிலாந்தில் புதிய அச்சுகள் செய்து, மர உடலையும் இறக்கையையும் புதிதாகக் கட்டி, கனடாவில் தயாரான பழைய விமானம் ஒன்றுக்கு உயிர் கொடுத்தனர். 2012 செப்டம்பரில் அது பறந்தது. வரைபடம் கிடைத்தாலும் அச்சு இல்லாமல் அவ்வுடலைச் செய்ய முடியாது. போர்க்கால அச்சுகள் விமானங்களோடு பாதுகாக்கப்படவில்லை. வேலை முடிந்தது என்று அவற்றையும் எறிந்திருந்தார்கள்.